தோலுரித்த பூங்காவனமும் இரண்டு கார்டுகளும்

ஒரு காட்டில், எந்தக் காடு என்று கேட்காதீர்கள், டவர் கிடைக்கிற காடு என்று வைத்துக்கொள்ளுங்கள், பூங்காவனம் என்றொரு சாரைப்பாம்பு இருந்தாள். காட்டு ரேஷன் கிடங்கில் அவளுக்கு எலிக் கண்காணிப்பு வேலை. எலி பிடிக்க வேண்டும் என்றுகூட இல்லை. மூட்டைகளுக்கு நடுவே ஒரு நடை போய்வந்தால் போதும், எலிகள் தாங்களாகவே வேறு ஊருக்கு மாற்றல் கேட்டுக்கொண்டு போய்விடும். சம்பளம் மாதா மாதம் வன வங்கியில் அவள் கணக்கில் போய் விழும்.

பூங்காவனம் கட்டும் செட்டுமானவள். கடன் என்ற சொல்லைக் கேட்டாலே சுருண்டுகொள்வாள். கடைக்குப் போனாலும் சந்தைக்குப் போனாலும் டெபிட் கார்டுதான். "இருக்கிறதை எடுத்துச் செலவு பண்ணாத்தான் ராத்திரி தூக்கம் வரும்" என்பாள். பாம்புக்கு இமை கிடையாது. அவள் தூங்குகிறாளா முழித்திருக்கிறாளா என்பது அவளைத் தவிர யாருக்கும் தெரியாது. அது வேறு விஷயம்.

கையில்லாத ஜீவன் கார்டு தேய்ப்பது எப்படி என்று உங்களில் ஒருவர் கட்டாயம் கேட்பீர்கள். கார்டை வாயில் கவ்வி வந்து மிஷினில் செருகுவாள். ரகசிய எண்ணை நாக்கால் அழுத்துவாள். பாம்பின் நாக்கு பிளந்த நாக்கு என்பதால் ஒரு தடவை நீட்டினால் இரண்டு பட்டன் சேர்ந்து அழுந்தும். அதனால் பக்கத்துப் பக்கத்து எண்களாகப் பார்த்து ரகசிய எண்ணை அமைத்திருந்தாள். அந்த நாக்கைப் பார்த்துவிட்டு காட்டில் பலரும் அவளை நம்புவதில்லை. பண விஷயத்தில் மட்டும் அவளைப் போல ஒரு யோக்கியமான ஜீவனை நான் பார்த்ததில்லை.

இப்படிப்பட்டவளுக்குக் கிரெடிட் கார்டு எப்படி வந்தது என்றால், குயில் கோமளாவால் வந்தது. கோமளா வன வங்கியின் கார்டு விற்பனைப் பிரிவில் இருந்தாள். தன் முட்டையைக் காக்கைக் கூட்டில் வைத்துவிட்டு ஒரு நாளும் கவலைப்படாதவள். கிரெடிட் கார்டு விற்க இதற்குமேல் என்ன படிப்பு வேண்டும்?

"அக்கா, டெபிட் கார்டுல என்னக்கா இருக்கு? உங்க காசை நீங்களே செலவு பண்றீங்க. இதுல என்ன பெருமை?" என்றாள் கோமளா.

"பின்னே யார் காசைச் செலவு பண்றது?"

"பேங்க் காசைக்கா! இன்னைக்கு முட்டை வாங்குங்க, அடுத்த மாசம் குடுங்க. அதுவரைக்கும் உங்க காசு கணக்குல சொகுசாப் படுத்திருக்கும். பாயிண்ட் வேற வரும்."

"பாயிண்டை வச்சு என்ன பண்றது?"

"நிறைய சேர்ந்துச்சுன்னா ஒரு சூட்கேஸ் தருவாங்க."

"கையே இல்லாதவ சூட்கேஸை எப்படிடி தூக்குறது?"

"தூக்க வேணாம்க்கா. உள்ள படுத்துக்கலாம்."

இதற்குப் பதில் சொல்லத் தெரியாமல் பூங்காவனம் கார்டை வாங்கிக்கொண்டாள். வாங்கிய கையோடு, கை என்பது பேச்சுக்குச் சொல்கிறேன், அதை ஒரு கல்லுக்கடியில் போட்டு மறந்தும் போனாள்.

அந்த வருடம் அவள் வயிற்றில் முட்டைகள் இருந்தன. தகப்பன் யாரென்று கேட்காதீர்கள், பாம்புகளுக்குள் அந்த விசாரணை கிடையாது. மழைக்கு முன்னால் மேட்டிலிருக்கும் ஒரு புற்றில் இடம் பிடித்தாக வேண்டும். பள்ளத்தில் முட்டையிட்டால் முதல் மழைக்கே எல்லாம் அழுகிப் போகும். போன வருடம் அப்படித்தான் போயிற்று. அந்தத் துக்கத்தை அவள் யாரிடமும் சொல்லவில்லை. கிடங்கில் கூடுதல் நேரம் வேலை பார்த்து, வேண்டியதைச் சாப்பிடாமல், புற்றுக்கான அட்வான்ஸை வங்கியில் சேர்த்துவிட்டாள்.

அட்வான்ஸா என்று ஆச்சரியப்படாதீர்கள். கரையான் கட்டிய புற்றில் பாம்பு சொல்லாமல் கொள்ளாமல் நுழைந்த காலமெல்லாம் மலையேறிவிட்டது. கரையான்கள் இப்போது சங்கம் வைத்திருக்கின்றன. அட்வான்ஸ் வராமல் வால்நுனியைக்கூட உள்ளே விடுவதில்லை. அவை பேசுவதும் எல்லாம் சேர்ந்து ஒரே குரலில்தான்.

"மழைக்கு முன்னாடி பணம் வந்தா புற்று உங்களுக்கும்மா" என்றன கரையான்கள். "இல்லேன்னா நல்லபாம்பு ஒருத்தர் கேட்டுக்கிட்டிருக்காரு. அவர் படமெடுத்துக் கேட்டா எங்களால மறுத்துப் பேச முடியாது."

"பணம் இருக்கு. இப்பவே குடுத்துடறேன்" என்று பூங்காவனம் டெபிட் கார்டை மிஷினில் செருகினாள்.

இங்கேதான் சனி பிடித்தது. முட்டையிடுவதற்கு முன் சாரைப்பாம்புக்கு ஒரு தடவை தோல் உரியும். உரிவதற்கு முன் கண்ணில் பால் ஊற்றியதுபோல் படலம் மூடும். பூங்காவனத்துக்கு அன்று காலையில்தான் மூடியிருந்தது. குத்துமதிப்பாக நாக்கை நீட்டினாள். தவறான எண் என்றது மிஷின். கொஞ்சம் தள்ளி நீட்டினாள். தவறான எண். மூன்றாவது தடவை ஆத்திரத்தில் மிஷினையே நக்கிவிட்டாள். கார்டு முடங்கிப் போயிற்று.

"பேங்குக்குப் போயி சரிபண்ணிட்டு வாங்க. வானம் கறுத்துக்கிட்டு வருது" என்றன கரையான்கள்.

வங்கியில் வரிசை வாசலைத் தாண்டி ஆலமரம் வரைக்கும் நின்றது. பூங்காவனம் கடைசியில் போய்ச் சேர்ந்துகொண்டாள். வரிசை நகரவில்லை. கவுண்டரில் இருந்தவர் தேவாங்கு நாதமுனி. ஒரு காகிதத்தை எடுத்து இன்னொரு காகிதத்தின் மேல் வைப்பதற்குள் பக்கத்து மரத்தில் பூ காயாகிவிடும். பூங்காவனத்துக்கு உடம்பெல்லாம் அரித்தது. வரிசைக்குக் கட்டியிருந்த மூங்கிலில் மூக்கைத் தேய்த்தாள். தோல் வாயருகே விரிந்தது. வரிசை ஒரு சாண் நகர்ந்தபோது அவளும் ஒரு சாண் தோலை விட்டு வெளியே வந்தாள். வரிசையில் சேர்ந்தது ஒரு தோல், கவுண்டருக்குப் போய்ச் சேர்ந்தது இன்னொரு தோல். பழைய தோல் அவளுக்குப் பின்னால் அவளுடைய இடத்திலேயே ஒழுங்காகக் கிடந்தது.

கண் பளிச்சென்று தெரிய, பூங்காவனம் சந்தோஷமாகத் தலையை நீட்டினாள். "சார், என் கார்டு முடங்கிப் போச்சு. கணக்குல இருக்கிற பணத்தை எடுக்கணும்."

நாதமுனிக்கு முகம் முழுக்கக் கண். ஆனால் ரெக்கார்டுக்கு வெளியே அந்தக் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. கணக்கைத் திறந்து போட்டோவைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி போட்டோவைப் பார்த்தார்.

"இந்தக் கணக்கு பூங்காவனம்னு ஒருத்தங்களோடதும்மா."

"நான்தான் சார் பூங்காவனம்."

"போட்டோவில மங்கின மஞ்சள். கழுத்துக்கிட்ட ஒரு கீறல். வயித்துல சாக்கு உரசின தழும்பு. நீங்க புதுப் பித்தளைக் குடம் மாதிரி இருக்கீங்களே."

"இப்பத்தான் சார் உரிச்சேன். இந்த வரிசையிலதான். அதோ பின்னாடி கிடக்கு பாருங்க."

நாதமுனி எட்டிப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது. "அடடே, வாங்கம்மா! ஏன் அங்கேயே இருக்கீங்க?" என்று பழைய தோலைப் பார்த்துக் கூப்பிட்டார். தோல் வராததால் தானே மெல்ல இறங்கிப் போய், மரியாதையாக அதை ஏந்தி வந்து நாற்காலியில் உட்காரவைத்தார். கீறல், தழும்பு, மங்கின மஞ்சள், எல்லாம் ரெக்கார்டுப்படி அச்சாகப் பொருந்தின. ஃபேன் காற்றில் தோல் தலையசைத்தது. அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளலாமா என்று கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு நாதமுனி ஃபேனை நிறுத்தினார்.

"சொல்லுங்கம்மா. பணம் எடுக்கணுமா?" என்று தோலிடம் கேட்டார்.

தோல் பேசவில்லை.

"பேங்குக்கு வந்தா சிலருக்குப் படபடப்பா இருக்கும். தண்ணி குடிக்கிறீங்களா?"

"சார்!" என்று கத்தினாள் பூங்காவனம். "அதுக்குள்ள யாரும் இல்லை சார். நான் இங்க இருக்கேன்."

"இருங்கம்மா, கஸ்டமர்கிட்ட பேசிக்கிட்டிருக்கேன். நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?"

"அதுக்குள்ள இருந்தவ சார் நான்."

"உள்வாடகைக்கா?"

நாதமுனி அனுதாபத்தோடு சொன்னார்: "குடியிருந்தவங்களுக்கெல்லாம் கணக்குல உரிமை கிடையாதும்மா. அவங்க வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லட்டும், பணத்தை எண்ணி வைக்கிறேன். அதுவரைக்கும் அவங்க பாதுகாப்புக்காகக் கணக்கை முடக்கி வைக்கறேன். உங்களை மாதிரி ஆளுங்க வர்றாங்க பாருங்க, அதுக்குத்தான்."

வெளியே வந்த பூங்காவனத்துக்கு அழுகை வந்தது. பாம்புக்குக் கண்ணீர்ச் சுரப்பி உண்டா என்று விலங்கியல் பேசாதீர்கள், வந்தது. பட்டினி கிடந்து சேர்த்த பணம். அவள் சேர்த்தது. அதை ஒரு வெற்றுத் தோல் நாற்காலியில் உட்கார்ந்து பத்திரமாக வைத்துக்கொண்டிருக்கிறது.

வயிற்றுக்குள் முட்டைகள் வேறு பசித்தன. வேறு வழியில்லாமல் கல்லைப் புரட்டி அந்தக் கிரெடிட் கார்டை எடுத்தாள். காட்டுப்பன்றியின் மளிகைக் கடையில் மிஷினுக்கு மேல் சும்மா காட்டினாள். பீப் என்றது. அவ்வளவுதான். எண் கேட்கவில்லை. தோல் கேட்கவில்லை. தழும்பு எங்கே என்று கேட்கவில்லை. சொந்தக் காசைத் தொடப் போனால் குற்றவாளி மாதிரி விசாரிக்கிறார்கள். அடுத்தவன் காசை எடுக்கப் போனால் நன்றி, மீண்டும் வருக என்று சீட்டு வருகிறது. அவளுக்கு இந்த நியாயம் புரியவே இல்லை.

சாப்பாட்டுக்கு மட்டும்தான் அந்தக் கார்டைத் தொட்டாள். அதிலேயே புற்றுக்கும் அட்வான்ஸ் கொடுத்துவிடுங்களேன் என்று கோமளா சொல்லிப் பார்த்தாள். பூங்காவனம் மசியவில்லை. கடன் வாங்கிய இடத்தில் முட்டையிட்டால் குஞ்சுகள் கடன்காரராகவே பொரியும் என்று அவளுக்கு ஒரு பயம். பழைய தோலிடம் தினமும் போய், ஒரு வார்த்தை பேசேன் என்று கெஞ்சினாள். தோல் பேசவில்லை. கறுத்த வானம் மழை பெய்யாமல் இழுத்தடித்ததில், கார்டுக்குப் பணம் கட்டவேண்டிய தேதியும் வந்து போயிற்று. கட்டுவதற்கு இருந்த பணமோ நாற்காலியில் உட்கார்ந்திருந்தது.

தேதி தாண்டிய மறுநாள் உடும்பு வீரபத்திரன் வந்தார். வங்கியின் வசூல் ஆள். பிடித்தால் விடமாட்டார், அதற்காகவே வேலை கொடுத்திருந்தார்கள்.

"பூங்காவனம்! வெளிய வா" என்றார் கல்லுக்கு வெளியிலிருந்து.

பூங்காவனத்துக்கு அந்தக் கணத்தில் ஒரு கெட்ட புத்தி தோன்றியது. அதைக் கெட்ட புத்தி என்று சொல்ல எனக்கே மனம் வரவில்லை. "பூங்காவனமா? அவ பேங்க் நாற்காலியில உக்காந்திருக்கா. அங்க போய்க் கேளுங்க. நான் வேற ஆளு" என்றாள்.

உடும்பு சிரித்தார். "நீ வேற ஆளா? திரும்புறப்ப இடது பக்கம் கொஞ்சம் இழுத்துப் போவே, குட்டியில மாட்டுவண்டிச் சக்கரம் ஏறினது. முட்டையை முழுங்குறதுக்கு முன்னாடி ஒரு சுத்து சுத்திப் பாப்பே. பயந்தா வால்நுனி சருகுல தட்டும், இதோ தட்டுது. இன்னும் ஒம்பது தோலை உரிச்சுக்கோம்மா. பாக்கி இருக்கிற வரைக்கும் நீ பூங்காவனம்தான். எந்த இருட்டுல பாத்தாலும் எனக்குத் தெரியும்."

கல்லுக்கடியிலிருந்து மெல்லத் தலை வெளியே வந்தது.

"அண்ணே, இன்னொரு தடவை சொல்லுங்க."

"எதை? பாக்கித் தொகையையா?"

"இல்லண்ணே. என் பேரை."

வீரபத்திரன் இத்தனை வருட வேலையில் திட்டு வாங்கியிருக்கிறார், கல்லடி பட்டிருக்கிறார், கடன்காரர்கள் செத்தது போல் நடித்ததைப் பார்த்திருக்கிறார். இப்படி ஒருத்தி கண்கலங்கி நின்று பார்த்ததில்லை. அவர் ஓரடி பின்னால் போவதற்குள் பூங்காவனம் அவரைச் சுற்றிக்கொண்டாள். உடும்புப் பிடி என்று எல்லோரும் சொல்வார்கள். உடும்பையே பிடித்த பிடியை அன்றுதான் காடு பார்த்தது. அவரை அப்படியே வங்கிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"சொல்லுங்கண்ணே சார்கிட்ட. நான் யாரு?"

"பூங்காவனம் சார்" என்றார் உடும்பு மூச்சுத் திணறியபடி. "என் உத்தியோகத்து மேல சத்தியம்."

நாதமுனி உடும்பைப் பார்த்தார், பாம்பைப் பார்த்தார், நாற்காலியில் இருந்த தோலைப் பார்த்தார். பெரிய சங்கடம். பூங்காவனம் இவளில்லை என்றால் வங்கியின் பாக்கியை யாரிடம் வசூலிப்பது? தோல் ஒரு பைசா தராது. இவள்தான் என்றால் சேமிப்பைக் கொடுக்க வேண்டும், ரெக்கார்டோ தோலின் பக்கம் நிற்கிறது. வெயில் சாயும்வரை யோசித்துவிட்டு வாயைத் திறந்தார்.

"சரிம்மா. கடன் எவ்வளவோ அந்த அளவுக்கு நீங்க பூங்காவனம்னு பேங்க் ஏத்துக்குது."

"மீதிக்கு நான் யாரு சார்?"

"மீதி விசாரணையில இருக்கு."

வெளியே இடி இடித்தது. பூங்காவனத்தின் வயிறு இறுகியது. அவள் மெல்லக் கேட்டாள்: "கடன் கூடினா?"

"கூடினா அந்த அளவுக்கு நீங்களும் கூடுவீங்க" என்றார் நாதமுனி. விதி அப்படித்தான் சொல்லிற்று.

பூங்காவனம் ஒரு கணம் நின்றாள். கடன்காரக் குஞ்சுகள் பொரியும் என்ற பயம் ஒரு பக்கம். போன வருடம் பள்ளத்தில் மிதந்த முட்டைகள் ஒரு பக்கம். கிரெடிட் கார்டைக் கவ்விக்கொண்டு மேட்டுக்கு விரைந்தாள். அங்கே நல்லபாம்பு ஏற்கெனவே பாதிப் படம் எடுத்துவிட்டிருந்தார். பூங்காவனம் மிஷின் மேல் கார்டைக் காட்டினாள். பீப். கரையான்கள் வழிவிட்டன. அவள் வால்நுனி உள்ளே போனதும் மழை கொட்டத் தொடங்கியது. அன்றிரவே முட்டையிட்டாள், ஒன்றுகூட நனையவில்லை.

மறுநாள் அவளுடைய கடன் சேமிப்பின் உயரத்துக்கு வளர்ந்திருந்தது. ஆகவே அவள் முழுப் பூங்காவனமாக ஆனாள். நாதமுனி எழுந்து நின்று கும்பிட்டு, கணக்கைத் திறந்துவிட்டு, அதிலிருந்த மொத்தப் பணத்தையும் கடனுக்கு வரவு வைத்தார். வட்டி, தாமதக் கட்டணம், அடையாளம் கண்டுபிடித்த கட்டணம் என்று வழித்தெடுத்ததில் கணக்கும் காலி, கடனும் காலி. சொந்தப் பணத்தில்தான் புற்று வாங்கினாள். அதற்கு நடுவில் அடுத்தவன் பணமாக ஒரு சுற்று போய்வர வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

சில நாள் கழித்து மழை விட்ட நேரம். முட்டைகளுக்குக் காவலிருந்த அலுப்புத் தீர வெளியே வந்தவள் எதிரே வீரபத்திரனைப் பார்த்தாள். பிறந்த வீட்டு ஆளைப் பார்த்ததுபோல் இருந்தது.

"அண்ணே, நல்லா இருக்கீங்களா?"

உடும்பு நின்றார். "யாரும்மா நீங்க?"

"நான்தாண்ணே, பூங்காவனம்."

அவர் போனை எடுத்து, பாக்கிக்காரர்கள் பட்டியலை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். "அப்படி யாரும் இல்லையேம்மா" என்று சொல்லிவிட்டு வழியைப் பார்த்துப் போனார். பொய் சொல்லவில்லை, பாவம், அவருக்கு உண்மையாகவே தெரியவில்லை.

பூங்காவனத்துக்கு இது மிகவும் வலித்தது. பேசாமல் புற்றுக்குத் திரும்பி முட்டைகளைச் சுற்றிப் படுத்துக்கொண்டாள். இதுகள் பொரியும். பொரிந்த கொஞ்ச நாளிலேயே முதல் தோலை உரித்துவிடும். தாயைத் தேடாமல் ஆளுக்கொரு பக்கம் போய்விடும், பாம்புக் குஞ்சுகளின் வழக்கம் அது. ஒன்று எங்காவது போய் மாட்டிக்கொண்டால், நீ யார் என்று எவனாவது கேட்டால், இன்னார் என்று சொல்ல இந்தக் காட்டில் யார் இருக்கிறார்கள்? கோமளாவுக்குப் போன் போட்டாள்.

"கோமளா, பிள்ளைங்களுக்கெல்லாம் தனித்தனியா கிரெடிட் கார்டு தருவீங்களா?"

"தாராளமாக்கா! எத்தனை வயசு?"

"இன்னும் பொரியல."

"பொரியணும்னு ரூல் ஒண்ணும் இல்லைக்கா."

கார்டுகள் வந்தன. பூங்காவனம் ஒவ்வொரு முட்டைக்கும் ஒரு பெயர் வைத்து, ஒவ்வொரு கார்டிலும் ஆளுக்கொரு குடை வாங்கினாள். ஒன்றுக்கும் பணம் கட்டவில்லை. தேதி தாண்டும்வரை நகத்தைக் கடித்துக்கொண்டு, இதுவும் பேச்சுக்குத்தான், காத்திருந்தாள்.

தேதி தாண்டிய மறுநாள் காலை, புற்று வாயில் நிழல் விழுந்தது. வீரபத்திரன் தலையை உள்ளே விட்டு, இருட்டில் கொஞ்சமும் தடுமாறாமல், முட்டை முட்டையாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

"ஞானாம்பிகை! செங்கோடன்! தெய்வானை! டேய் குப்புசாமி, ஓரமா ஒளிஞ்சிருந்தா தெரியாதுன்னு நினைச்சியா?"

ஓரத்திலிருந்த முட்டை லேசாக அசைந்தது. "உள்ள வாங்கண்ணே, நின்னுக்கிட்டே பேசுறீங்களே" என்று பூங்காவனம் சந்தோஷமாக நகர்ந்து இடம் விட்டாள்.

நீதி: அன்றாடச் செலவுக்கு எந்தக் கார்டு நல்லது என்று குழம்புகிறவர்கள், தாம் காணாமல் போனால் எந்தக் கார்டு ஆள் விட்டுத் தேடும் என்று பார்த்து வாங்கவும்.